முதல் குளியலுக்கு மூணு சீட்டு

சுங்குவார்சத்திரத்தில் ஏறிய இருவரும் கம்பெனி பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரே ரூம்காரர்கள். தலை ஈரம் காயாத திருநெல்வேலிக்காரன் ஆரம்பித்தான்.

“மூணு சீட்டுல நேத்தும் நாந்தாம்ல. கையில ஒண்ணுமே இல்ல. பந்தயத் தீக்குச்சிய அள்ளி நடுவுல வச்சேன், எல்லாரும் பயந்து சீட்டக் கவுத்திட்டிய. காலைல மொதக் குளியல் எனக்கு!”

பக்கத்தில் இருந்த செங்கத்துக்காரன் கொட்டாவி விட்டான்.

“நேத்து நான் மூணு ராஜா வெச்சிருந்தேன் மச்சி.”

“பொறவு ஏம்ல கவுத்த?”

“மொதல்ல குளிக்கிறவன்தான இருட்டோட ஏந்து கீழ போய் மோட்டார் போடணும்? நாங்க இன்னொரு தூக்கம் தூங்குவோம்.”

பஸ் ஒரகடம் பக்கம் திரும்பும்போது திருநெல்வேலிக்காரன் ஈரத் தலையைத் தடவிக்கொண்டான்.

“இன்னைக்கு நான் கவுத்திருதேன்.”

“வேணாம் மச்சி. நீ ரொம்ப நல்லா ஆடுற.”