பழகின காது

சேக்காதீங்கக்கா. பொண்ணு டீச்சருக்குப் படிக்கிறேன்னு சொன்னா படிக்க உடுங்க, பஸ் ஸ்டாண்டுல குடுத்த நோட்டீசப் பாத்துட்டு இதுல கொண்டாந்து தள்ளாதீங்க. ரெண்டாயிரத்துல ஆரணில சென்டர் தொறந்ததுலருந்து அந்தச் சீட்டுல உக்காந்துகினு இருக்கறவ நானு, அதான் சொல்றேன்.

இல்லில்ல, கெட்ட வேலைலாம் இல்ல. அமெரிக்காவுல டாக்டருங்க நோயாளியப் பாத்துட்டு, இன்னா ஏதுன்னு வாயால பேசி பதிவு பண்ணிடுவாங்க. அது கம்ப்யூட்டர்ல நம்மூருக்கு வரும். ஹெட்போன காதுல மாட்டிகினு, கால்ல பெடல மிதிச்சி மிதிச்சி நிறுத்தி, கேட்டு டைப் அடிக்கணும். ஆமா, நோட்டீசுல போட்டிருக்கறது அதேதான், மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்.

இப்ப அதுக்கு சாப்ட்வேர் வந்துடுச்சிக்கா. டாக்டரு பேசப் பேச அதுவே அடிச்சிக்குது. நாங்க தப்பு திருத்தறதோட சரி. நாங்க திருத்தத் திருத்த அது கத்துக்குதாம், எங்க மேனேஜர் ராஜ்குமாரே சிரிச்சிகினு சொல்றாரு. ஒரு ஹால் முழுக்க பொண்ணுங்க இருந்தோம். இப்ப நாலு பேரு.

அந்த நாலு பேருல என்ன ஏன் வச்சாங்கன்றீங்களா? ஒரே ஒரு டாக்டரால. வயசானவரு, நரம்பு டாக்டரு. ஆரம்பத்துலருந்து அவரு குரலு எனக்குத்தான் வரும். மொகம் பாத்ததில்ல. ஆனா அவரு காபி உறிஞ்சறது, பக்கத்துல நாயி கத்தறது எல்லாம் கேக்கும். முடிக்கும்போது தேங்க்யூம்பாரு. யாருக்குன்னு அவருக்கே தெரியாது. எனக்குத்தான்னு நான் எடுத்துக்குவேன். சாப்ட்வேர் வந்ததும் அவரு குரலயும் அதுல உட்டாங்க. அழகா அடிச்சிது. அடுத்தது நாந்தான்னு நெனச்சேன்.

போன ஆடில, திடீர்னு அது தடுமாற ஆரம்பிச்சிது. ஹிப்புன்னா லிப்புன்னு அடிக்குது. அங்கங்க காலியா உடுது. மேனேஜரு, இவரு ஃபைல மட்டும் பழையபடி ரேணுகா கேட்டு அடிக்கட்டும்னுட்டாரு. எனக்கு சந்தோஷம்க்கா, பொய் சொல்லல. மெஷினு தோத்துப் போச்சின்னு புள்ளாருக்கு தேங்கா கூட ஒடச்சேன். அப்புறம் ஒரு நாளு கேட்டுகினு இருக்கும்போதே கை நின்னுடுச்சி. மெஷினு கெட்டுப் போவல. குரல்தான் மாறிகினு வருது.

நாக்கு இழுக்குதுக்கா. ர வர்ற எடத்துல வழுக்குது. அவரே அவரு நோயாளிங்களப் பத்தி சொல்லி சொல்லி நான் அடிச்சிருக்கேன். மொதல்ல பேச்சு கொழறும், அப்புறம் முழுங்க முடியாது, அப்புறம் கை தூக்க வராது. மருந்து இல்லன்னு முடிப்பாரு. அதே டாக்டரு வாயில அதே கொழறலு. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சிகினேதான் மத்தவங்களப் பத்திப் பேசிகினு இருந்தாரு. நானு கேட்டுகினு இருந்தேன். யாரு கிட்ட சொல்றது? அவங்க பேச்சு எங்களுக்கு வரும், எங்க பேச்சு அங்க போறதுக்கு வழியே கெடையாது.

கடைசில ரொம்ப மோசம். எங்க ஆபீசுல சுபலட்சுமி கேட்டுட்டு, ஒரு வார்த்த புரியலன்னு கழட்டி வச்சிட்டா. எனக்கு எல்லாமே புரிஞ்சிது. தை மாசத்துல ஒரு திங்கக்கெழம அவரு ஃபைலு வரல. அப்புறமும் வரல. இப்ப அவரு எடத்துல ஒரு சின்ன வயசு டாக்டரு. கணீர்னு பேசறாரு. சாப்ட்வேர் ஒரு எழுத்து உடறதில்ல.

வேலையா? அது போவட்டும்க்கா. இப்ப அத யாரு நெனைக்கறா.

எங்க போறோமா? வேலூருக்கு, ஆஸ்பத்திரிக்குதான். எனக்கில்ல. அதோ டிரைவருக்குப் பின்னாடி ஊதா சட்ட போட்டுகினு இருக்காரு பாருங்க, எங்க வூட்டுக்காரரு. பேரு தசரதன். பட்டுப்பொடவ கடைல சேல்ஸ்ல இருக்காரு. வெறுமனே பாக்க வந்தவங்களக் கூட பேசிப் பேசியே எடுக்க வச்சிடுவாரு. இப்ப கொஞ்ச நாளா கஷ்டமருங்க இன்னா இன்னான்னு ரெண்டு வாட்டி கேக்கறாங்களாம். அரக்கு பார்டருன்னு சொல்ல வரல. பல்லு வலின்னு சமாளிக்கிறாரு. பல்லு டாக்டருகிட்டன்னு சொல்லித்தான் கூட்டிகினு போறேன். சீட்டு வாங்கியிருக்கறது நரம்பு டாக்டருக்கு.

எனக்கு இன்னா பேஜாருன்னா, அவரு பேசறது எனக்கு சுத்தமா புரியுது. ஒரு எழுத்து உடாம. இந்தக் காத வச்சிகினு எது நல்ல பேச்சு, எது கொழறற பேச்சுன்னே தெரியல. நானா பயந்துகினு இல்லாததக் கேக்கறனா, இல்ல நெஜமான்னு...

கண்ணமங்கலமா இது? இங்க டீ குடிக்க நிறுத்துவான். அக்கா, ஒரு ஒதவி பண்றீங்களா. எழுந்து போயி அவருகிட்ட ஏதாவது கேளுங்க. மணி கேக்காதீங்க, அது ஒரு வார்த்தைல முடிஞ்சிடும். பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கணும், எது நல்லாருக்கும்னு கேளுங்க. நெறைய சொல்லுவாரு.

கேட்டுட்டு வந்து எனக்கு சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சிதா, இல்லியான்னு.