முப்பதாயிரம் லெக்

மிமோசா: தெருவுல நிக்கிறவன்கிட்டயா காசு மாத்துறதுன்னு முகத்தைச் சுளிச்சீங்களே பாவ்லோ... மாத்திட்டீங்களா?

பாவ்லோ: மாத்திட்டேன். தபாலாபீஸ் வாசல்ல உங்க அல்பேனியா நோட்டைக் கட்டா வச்சு விசிறிக்கிட்டு நிக்கிறாரு. என் யூரோவை அவர் எண்ணிக்கூடப் பாக்கல!

மிமோசா: அவர் விரல் எண்ணியிருக்கும். மிஞ்சினா அவர்கிட்டயே திருப்பி மாத்திடுங்க. எல்லை தாண்டினா எங்க லெக்கை நாய்கூட மோந்து பாக்காது.

பாவ்லோ: மிஞ்சாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு...

மிமோசா: காப்பியைக் குடிங்க முதல்ல. எங்க பெராத் ஊருக்கு வந்துட்டு, கோட்டைக்குக்கூடப் போகாம ரெண்டு நாளா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்த இத்தாலிக்காரர் நீங்க ஒருத்தர்தான்.

பாவ்லோ: வீடு புடிச்சிருந்துச்சு. உங்களோடதா?

மிமோசா: திங்கக்கிழமையிலேர்ந்து.

பாவ்லோ: அதென்ன கணக்கு?

மிமோசா: பாதி எங்க அண்ணன் ஃபாத்மிர் பேர்ல கெடக்கு. எனக்கு ஆறு வயசா இருக்கும்போது உங்க நாட்டுக்குக் கப்பலேறிப் போனவன்... ஒரு கடுதாசி இல்ல. செத்துட்டான்னு அறிவிக்கச் சொல்லிக் கேஸு போட்டிருக்கேன். திங்கக்கிழமை தீர்ப்பு. வீடு முழுசா என் பேருக்கு வந்தாத்தான் பேங்குல கடன் தருவான். கூரையைப் பாத்தீங்கல்ல? இன்னொரு மழை தாங்காது.

பாவ்லோ: ஒருவேளை... அவன் உயிரோட இருந்தா?

மிமோசா: கேஸு போச்சு. 'அவனைப் பாக்கல, ஒரு சேதியும் இல்ல'ன்னு நான் நீதிபதி முன்னாடி சத்தியம் பண்ணணுமே.

பாவ்லோ: பண்ணுங்க. செத்துத்தான் போயிருப்பான்.

மிமோசா: வாயைக் கழுவுங்க!

பாவ்லோ: கேஸு போட்டது நீங்கதானே!

மிமோசா: நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது.

பாவ்லோ: சரி, சரி... ரெண்டு நாள் வாடகை எவ்வளவு?

மிமோசா: முப்பதாயிரம்.

பாவ்லோ: இந்தாங்க... ஆயிரம், ரெண்டாயிரம், மூவாயிரம். சரியா?

மிமோசா: இருங்க, இருங்க...

பாவ்லோ: என்ன, கிழிஞ்ச நோட்டா?

மிமோசா: நான் முப்பதாயிரம்னு சொன்னேன்.

பாவ்லோ: ஆமா, அதான்...

மிமோசா: போன வாரம் ஒரு ஜெர்மன்காரம்மா. அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னேன். முப்பதாயிரத்தையும் எண்ணி வச்சுட்டுப் போயிட்டாங்க. மூவாயிரம் எடுத்துக்கிட்டு, மிச்சத்தைக் குடுக்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். எங்க பாட்டன் காலத்துல அரசாங்கம் நோட்டுலேர்ந்து வெட்டின ஒரு சைபரை நாங்கதான் இன்னும் வாயால சேத்து, மூவாயிரத்தை முப்பதாயிரம்னு சொல்லிக்கிட்டிருக்கோம். வெளியாளுக்கு அது எப்படித் தெரியும்?

பாவ்லோ: வழிகாட்டிப் புத்தகத்துல... போட்டிருந்துச்சு.

மிமோசா: புத்தகத்துல படிச்சவன், பழைய கணக்கா புதுக் கணக்கான்னு ஒரு வார்த்தை கேப்பான். உங்க கை யோசிக்கவே இல்லையே.

பாவ்லோ: பஸ்ஸு போயிடும், கெளம்புறேன்.

மிமோசா: காப்பி அப்படியே இருக்கு பாருங்க.

பாவ்லோ: நான் வீட்டுல பாதி கேட்டு வரல மிமோசா. கேஸு நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். நல்லதுதான், செத்தவனாவே வந்து ஒரு தடவை வீட்டையும் உன்னையும் பாத்துட்டுப் போயிடலாம்னு... உனக்குத் தெரியவே கூடாதுன்னுதான் பேரை மாத்திச் சொன்னேன்.

மிமோசா: தெரியாதா? முந்தாநாள் இருட்டுல, எல்லாரும் தலையை இடிச்சுக்கிற அந்தக் குட்டை வாசல்ல தானா குனிஞ்சு வந்தீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு அண்ணே! திங்கக்கிழமை தாண்டுற வரைக்கும் தெரியாத மாதிரியே இருந்துடலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்... பேசாம முப்பதாயிரத்தையும் ஏமாந்து வச்சுட்டுப் போயிருந்தா, வந்தவன் இத்தாலிக்காரன்தான்னு சத்தியம் பண்ணியிருப்பேனே!