பால்சுறாவின் வாலில் கட்டிய நூல்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ராஜசேகரன் ஐயா அவர்களே, இந்தப் பேரிழப்பைத் தாங்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாருடைய துணைவியார் ஞானகுமாரி அக்கா அவர்களே, விலங்கியல் துறைத் தோழர்களே, மாணவர்களே, ஆவடி மீன் சந்தையில் வியாபார நேரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் ராஜகுமாரி அக்கா அவர்களே, உங்கள் அனைவரையும் கனத்த மனதோடு வணங்குகிறேன். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தடுமாறிவிடக் கூடாதே என்று எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் படிக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

முனைவர் இக்னேஷியஸ் அவர்கள் நம் துறையின் மீன்வள ஆய்வாளர். கடல் கண்ணுக்கே தெரியாத இந்த ஆவடியில் இருந்துகொண்டு கடல் மீனை ஆராய்ந்தவர். "ஏன் சார், இங்க உக்காந்துகிட்டு மீன் ஆராய்ச்சியா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். "மீனு அங்க பொறக்குது, கொழம்புல இங்கதான கொதிக்குது?" என்பார். துறைமுகத்தில் எவ்வளவு மீன் இறங்குகிறது என்று எண்ணுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மீன் முத்தாபுதுப்பேட்டையில் யாருடைய தட்டுக்கு வருகிறது? அது எந்தக் கரையில் பிடித்தது? அதைச் சாப்பிடும் பிள்ளைத்தாய்ச்சியின் உடம்புக்குள் என்ன போகிறது? இதைக் கேட்பதற்கு யார் இருந்தார்கள்? இக்னேஷியஸ் சார் இருந்தார்.

என் மகள் பிறந்த சமயம். பால் நன்றாக ஊற வேண்டும் என்று என் மாமியார் பால்சுறா வாங்கி வந்தார். நம் வீடுகளில் வழக்கம்தானே? ஆனால் நான் விலங்கியல் படித்தவள். பெரிய சுறாக்களின் உடம்பில் பாதரசம் சேரும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள். இது சின்னச் சுறாதான். என்றாலும் பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேனே, சாப்பிடலாமா கூடாதா? பயந்துபோய் சாருக்குப் போன் செய்தேன்.

"தெரியாதும்மா" என்றார்.

இவருக்கே தெரியாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் தொடர்ந்து சொன்னார்: "நம்ம சந்தைக்கு வர்ற பால்சுறாவ யாரும் சோதிச்சுப் பாத்ததா எனக்குத் தெரியல. நல்லதுன்னு சொன்னா அது பொய். கெட்டதுன்னு சொன்னாலும் பொய். அந்த மீன ஆக்கிடாதீங்க, நான் வர்றேன்."

வந்தார். கையில் ஒரு தெர்மகோல் பெட்டி. என் மாமியார் விடவில்லை. "புள்ள பெத்தவளுக்குன்னு வாங்கியாந்த மீனு சார் அது. ஆராய்ச்சிக்கு வேற மீனே கெடைக்கலயா?"

"பாதி குடுங்கம்மா, போதும்."

"மீதிய அவ துன்னலாமா?"

"தெரியாதும்மா."

"இன்னா சார் நீ, மீனையும் புடுங்கிக்கினு பதிலும் சொல்ல மாட்டேன்ற!"

அன்று எங்கள் வீட்டில் ரசம்தான். அந்தப் பாதி மீன்தான் சாருடைய ஆய்வின் முதல் மாதிரி.

அதன் பிறகு மாணவர்கள் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி சந்தைகளுக்கெல்லாம் போனார்கள். கரைக்குக் கரை கடலில் கலக்கும் கழிவு மாறும் என்பதால், ஒவ்வொரு பால்சுறாவும் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று விற்பவர்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். ஒரு வருட உழைப்பு. கட்டுரையும் எழுதி அனுப்பியாகிவிட்டது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானகுமாரி அக்காவோடு சார் சந்தைக்குப் போயிருக்கிறார். அக்கா ராஜகுமாரி அக்காவின் கடையில் விரால் மீனைப் பார்த்து, "எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"காசிமேடுக்கா. காலைல எறங்குன மீனு."

விரால் ஏரி மீன். பாரிவாக்கம் பக்கத்து ஏரியில் கிடைக்கும். காசிமேட்டுக் கடலில் எப்படிக் கிடைக்கும்? சார் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். ராஜகுமாரி அக்காவுக்கும் சிரிப்பு. "இன்னா பண்றது சார், எவன் கேட்டாலும் வாய் அதத்தான் சொல்லுது. காசிமேடுன்னாத்தான் வாங்குறாங்கோ." அந்த இடத்திலேயே சாருடைய சிரிப்பு நின்றுவிட்டதாம். நம் மாணவர்கள் எழுதி வந்த மீனில் முக்கால்வாசி காசிமேடுதானே?

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருப்பார். நாங்களே அப்படித்தான் சொன்னோம். "நமக்குத் தெரியுமே. அதப் படிச்சிட்டு ஒரு பொண்ணு நம்பிச் சாப்பிடுவாளே" என்றார். கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை வாயை நம்பவில்லை, நூலை நம்பினார். விடியற்காலையில் கரைக்குப் போய் ஏலம் எடுக்கிற ராஜகுமாரி அக்கா போன்ற வியாபாரிகளிடம் கம்பளி நூல் கொடுத்தார். காசிமேட்டுச் சுறாவின் வாலில் சிவப்பு, பழவேற்காட்டுச் சுறாவுக்குப் பச்சை, கோவளத்துக்கு மஞ்சள். வாங்கும்போதே கட்டிவிட்டால், சந்தையில் யார் என்ன சொன்னாலும் மீன் வந்த கரை தெரிந்துவிடும்.

"இன்னா சார், மீனுக்கு அரணாக்கொடி கட்டச் சொல்றியா? தொட்டில் எப்போ?" என்று ராஜகுமாரி அக்கா கேட்டது இன்றைக்கும் எங்கள் துறையில் வழங்குகிறது. கிண்டல் செய்த அந்த அக்காதான் முதல் நூலைக் கட்டினார். பிறகு மற்றவர்களையும் கட்ட வைத்தார்.

அவையோரே, கோடைக்கால மாதிரிகள் எடுத்தாகிவிட்டது. மழைக்காலம் பாக்கி. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால்தான் பதில் முழுதாகும். அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆய்வை நடத்தியவர் இல்லாததால் இந்த மாதத்தோடு திட்டத்தை முடித்து, மாதிரிகள் இருக்கும் ஃப்ரீசரைக் காலி செய்யச் சொல்லிக் கல்லூரியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது.

ராஜசேகரன் ஐயா, இரங்கல் கூட்டத்தில் கோரிக்கை வைப்பது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் ஆய்வகத்து ரேகா அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஏழாவது மாதம். போன வாரம் என்னிடம் வந்து, "மேடம், குழந்தை பொறந்ததும் பால்சுறா சாப்பிடலாமா?" என்று கேட்டாள். நானும் சாரைப் போலவே "தெரியாதும்மா" என்றேன். என் மகளுக்காக நான் கேட்ட கேள்வி அது. ரேகாவின் பிள்ளைக்கும் அதே பதில்தானா? அதற்கடுத்து வரும் பிள்ளைக்குமா?

ஆகவே உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்கிறேன். இந்த ஆய்வின் பொறுப்பை ஏற்க நான் தயார். சின்னக் குழந்தைக்காரி, முடியுமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் சாருடைய மாணவர்கள் மழைக்கால மாதிரிகளுக்கு யார் எந்தச் சந்தைக்குப் போவது என்று பிரித்துக்கொண்டுவிட்டார்கள். "பேத்திய நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பதிலோட வா" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். சாரிடம் பாதி மீனைப் பறிகொடுத்தவர் அவர்.

ஐயா, அந்த ஃப்ரீசரை அணைத்துவிட வேண்டாம். முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். மேல் தட்டில் ஒரு பால்சுறா இருக்கும். அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜகுமாரி அக்காவின் கடைக்கு வந்த மீன் அது. யாரும் கேட்கவில்லை, யாரும் நினைவுபடுத்தவில்லை. அதன் வாலில் பழவேற்காட்டின் பச்சை நூல் கட்டியிருக்கிறது.