கைக்கு அடங்காத பிஸ்டல்

ஒரு ஆள் கடைக்குள் நுழைந்தால் நான் முதலில் பார்ப்பது அவருடைய கையைத்தான். முகமெல்லாம் அப்புறம். இருபத்தாறு வருஷப் பழக்கம், மேடம். நீங்கள் இந்த அறைக்குள் வந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். விரல்கள் நீளம், உள்ளங்கை ஒடுக்கம். உங்களுக்கு நடுத்தர அளவுப் பிடி சரியாக இருக்கும். இடுப்பில் நீங்கள் வைத்திருப்பதும் அதுதான். விஷயம் தெரிந்த யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். என் தொலைபேசி அழைப்புப் பட்டியலை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொல்வதுதான் நல்லது.

என் பெயர் டுவைட் ஆஸ்ட்ராண்டர். வயது அறுபத்து மூன்று. மெர்ல் ஹாடிக்ஸின் துப்பாக்கிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவன். கடை மெர்லுடையது, ஆனால் ஆட்கள் வருவது என்னிடம் கேட்கத்தான். மிசூரியின் இந்தத் தெற்கு மூலையில் யார் பிஸ்டல் வாங்கினாலும், வாங்குவதற்கு முன்னால் 'டுவைட் என்ன சொல்றார்' என்று கேட்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு தக்கைப் பலகை இருக்கும். துப்பாக்கி வாங்கியவர்கள் ஒரு மாதம் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, நல்லதோ கெட்டதோ, ஒரு அட்டையில் எழுதிக் குத்திவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை காலையில் அந்தப் பலகைக்கு முன்னால்தான் கூட்டம். பால் பண்ணைக்காரர் ஹெர்ஷல் க்ரோ ஒவ்வொரு வாரமும் ஒரே பாட்டைப் பாடுவார்.

"பிளாஸ்டிக் உடம்பு வச்ச துப்பாக்கியெல்லாம் பொம்மைங்க. எங்கப்பா வச்சிருந்தது இரும்பு. தோட்டா தீந்துட்டா அதாலயே ஒருத்தன் மண்டையப் பொளக்கலாம்."

"உங்கப்பா அத வச்சு யார் மண்டையப் பொளந்தாரு? வாதாங்கொட்டதானே ஒடச்சாரு," என்பாள் ஓபல் டிம்மன்ஸ். ராணுவத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது தபால் வண்டி ஓட்டுகிறாள். வாய் கொஞ்சம் நீளம்.

என் கருத்து எப்போதும் ஒன்றுதான். வீட்டுக்கு வாங்குவதென்றால் முழு அளவு பிஸ்டலை வாங்குங்கள். உடம்பு பிளாஸ்டிக் என்பதால் எடை உறுத்தாது. பிடி நீளம் என்பதால் சுடும்போது வரும் உதை கை முழுக்கப் பரவும். பதினேழு தோட்டா கொள்ளும். இதை நான் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நடீன் ஃபவுட்ஸ் வந்தது மார்ச் கடைசியில். நாற்பத்து நான்கு வயது. கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். அவள் கையைப் போலச் சின்னக் கையைப் பெரியவர்களிடம் நான் பார்த்ததில்லை. பூனை வாய்க்குள் மாத்திரை போடுவதற்குத் தோதாக இருக்கும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். வலது கட்டைவிரல் வளைந்து ஒட்டியிருந்தது. கார்க் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். அடுத்த வாரம்தான், கதவைச் சாத்தியது லொனி என்று சொன்னாள். லொனி அவளுடைய முன்னாள் கணவன்.

அவன் அவளுடைய வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று நீதிமன்றம் தாள் கொடுத்திருந்தது. அவனுடைய துப்பாக்கிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாளுக்கெல்லாம் லொனி பயப்படுகிறவன் இல்லை. ஆனால் துப்பாக்கிக்குப் பயந்தான். மான் வேட்டையில் ஒரு முறை தொடையில் குண்டு வாங்கியவன். அந்த வலி எப்படி என்று அவனுக்குத் தெரியும்.

நடீன் பெட்டியின் ஓரத்திலிருந்த சின்ன ரிவால்வரை எடுத்துப் பார்த்தாள். அவள் கைக்கென்றே செய்தது போல உட்கார்ந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

"எனக்கு இது சரியா இருந்துச்சே," என்றாள்.

"கையில வச்சா அப்படித்தான் இருக்கும். சுட்டுப் பாருங்க, மணிக்கட்டு கழண்டுரும். அஞ்சு தோட்டாதான் வேற. நான் சொல்றதக் கேளுங்க."

கேட்டாள். பயந்து வருகிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள். முழு அளவு பிஸ்டலை வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய ஆட்காட்டி விரல் விசையின் நுனியைத்தான் தொட்டது.

சனிக்கிழமை தோறும் கடைக்குப் பின்னாலுள்ள சுடும் களத்தில் நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். பதினோரு சனிக்கிழமை வந்தாள். வரும்போது சாப்பாட்டுக் கடையிலிருந்து எனக்கு மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் ஆறாமல் துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். நான் தனி ஆள். என் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்காக ஒருவர் சாப்பாட்டைச் சூடு ஆறாமல் கொண்டுவருவதென்றால் அது சின்ன விஷயமில்லை. தவறாக எதையும் நினைக்காதீர்கள். துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததைத் தவிர அவள் மேல் என் கை பட்டதில்லை.

அந்த வகைப் பிஸ்டலில் மேலே இருக்கும் இரும்பு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். உள்ளிருக்கும் சுருள்வில் கெட்டியாக இருக்கும். நடீனால் இழுக்க முடியவில்லை. கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் நான் இழுத்துக் கொடுப்பேன், அவள் சுடுவாள். நன்றாகவே சுடுவாள்.

பலமில்லாத கைகளுக்கென்று இரண்டு முறைகள் இருக்கின்றன. எழுபது வயதுப் பெண்களுக்கு ஒரே மதியத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நடீனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமை ஏன் வரப் போகிறாள்? வீட்டில் ஸ்லைடை இழுத்து முதல் தோட்டாவை ஏற்றி வைக்காதீர்கள், அது ஆபத்து என்றும் சொல்லியிருந்தேன். சொன்னபடியே செய்தாள். சொன்னதைக் கேட்கிற பெண்.

லொனி என்னிடம் வந்து விசாரிக்காமல் இல்லை. ஏப்ரலில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை. "பெருசு, அவ துப்பாக்கி வாங்கிருக்காளாமே, சுடுவாளா?" என்றான். "உன் தொப்பியில எந்தப் பக்கம் ஓட்ட வேணும்னு கேட்டுட்டுச் சுடுவா. நான்தான் சொல்லிக் குடுக்கறேன்," என்றேன். இரண்டு முறையும் முகம் சுருங்கிப் போய்விட்டான். மூன்று மாதம் அவளை யாரும் தொடவில்லை என்றால் அதற்குக் காரணம் என் வாய்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் நடுவில் ஓபல் களத்துக்கு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடீன், இந்தத் தடவ நீங்களே இழுங்க, பாப்போம்."

நடீன் இழுத்தாள். பாதி வந்து திரும்பிப் போய்விட்டது. மறுபடி முயன்றாள். மூன்றாம் முறை விரல் வழுக்கித் தோல் உரிந்தது.

"டுவைட், பதினோரு வாரமா இந்தப் பொண்ணுக்கு என்ன கத்துக் குடுத்தீங்க? உங்க பக்கத்துல நிக்கறதுக்கா?"

ஹெர்ஷல் சிரித்தார். அவருடன் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஓபல் அந்தச் சின்ன ரிவால்வர் வகையில் தன்னுடையதை எடுத்து நடீனிடம் கொடுத்தாள். ஐந்து தோட்டா, ஐந்தும் நடு வட்டத்தில். நடீன் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

அன்று மதியம் பலகையில் ஒரு அட்டை இருந்தது. கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல. 'முழு அளவு. துப்பாக்கி நல்லது. ஆனால் கை சின்னதாக உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். கடையில் இருப்பவர் தன் கைக்கு அளவெடுத்து எனக்கு விற்றார். வாங்குமுன் நீங்களே இழுத்துப் பாருங்கள்.'

என்னிடமும் வந்து சொன்னாள். "உங்க மேல கோபமெல்லாம் இல்ல, டுவைட். மத்த பொண்ணுங்க ஏமாறக் கூடாதில்ல, அதான் எழுதினேன்."

ஏமாறக் கூடாதாம். இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

மெர்ல் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "என்னய்யா இது? அந்தப் பொண்ணு உயிருக்குப் பயந்து வந்தவ. அவளுக்குப் போயி இதக் குடுத்திருக்கியே." அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்துவிடுவதாக அவரே அவளிடம் பேசிவிட்டார். முன்னால் பெட்டியில் இருந்தது விற்றுப் போயிருந்தது. புதியது வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதுவரை பெரியதே வீட்டில் இருக்கட்டும் என்றார். "ஒண்ணு இருக்குன்னு அவன் நெனச்சிட்டிருந்தாலே போதும்." மெர்ல் விவரமான ஆள். அவர் சொன்னது முழுக்கச் சரி.

அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் பிஸ்டலைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே ஸ்லைடை இழுத்துப் பார்த்தார்கள். இழுத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டார்கள். பதினாறு வருஷமாக என் சொல்லைக் கேட்டு வாங்கிவந்த ஒருவர், "எதுக்கும் ஓபல் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேனே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆற்றங்கரையில் படகு இறக்குமிடத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லொனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தூண்டிலைச் சிக்கெடுத்துக்கொண்டே, வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"என்ன பெருசு, உன் சிஷ்யை எப்படி? இன்னும் நல்லாச் சுடறாளா?"

நான் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன். "நேர்மையாச் சொல்லட்டுமா? அவளால அத இழுக்கவே முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும்."

அவன் கை தூண்டிலில் நின்றது. லொனியுடையது பெரிய கை. முழு அளவு பிஸ்டல் அவனுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும்.

போ என்று நான் சொல்லவில்லை. கேட்டான், இருந்ததைச் சொன்னேன். ஒரு துப்பாக்கி ஒரு ஆளுக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பது பற்றி ஒரு கருத்து. அவளும் அதையேதானே அட்டையில் எழுதி ஊரறிய வைத்திருந்தாள்?

அவளைக் கண்டெடுத்தபோது பிஸ்டல் அவள் கையில் இருந்தது என்றீர்கள். ஸ்லைடு பாதி இழுபட்டு, ஒரு விரல் நகம் பெயர்ந்து அதில் ஒட்டியிருந்தது என்றீர்கள். பதினேழு தோட்டாவும் உள்ளேயே இருந்தன. நிறைய நேரம் முயன்றிருக்கிறாள். லொனிக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. படத்தை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். பார்த்தேன். அவள் பிடித்திருந்த விதம் சரியாகவே இருந்தது. அந்த அளவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பட்டியலைத் திருப்பலாம், மேடம். மூன்று நாற்பதுக்கு என் தொலைபேசியிலிருந்து அவளுக்குப் போன அழைப்பு. இரண்டு நிமிடம்.

ஆற்றங்கரையில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். லொனி எழுந்து நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு நாய் வச்சிருக்காளே," என்றான். "நாலு மணிக்கு நாய் இருக்காது. பின்கதவும் பூட்டியிருக்காது," என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்கே அது எதிர்பாராத பதில். அப்புறம் போய்விட்டான். நான் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"நடீன், உங்க சின்னத் துப்பாக்கி முன்னாலயே வந்துருச்சு. கடைக்கு வர வேணாம், நானே நாலு மணிக்கு வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமில்ல. எனக்கு நாய்னா கொஞ்சம் பயம். ரெண்டையும் பிடிச்சு ஒரு ரூமுக்குள்ள அடச்சுருங்க. பின்கதவு மட்டும் தெறந்திருக்கட்டும்."

எனக்கு நாயென்றால் பயமில்லை. துப்பாக்கியும் வரவில்லை. அது சொன்னபடி வெள்ளிக்கிழமைதான் வந்தது.

அவள் உடனே வைத்துவிடவில்லை. "டுவைட், அந்த அட்டைய நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மனசு கஷ்டப்பட்டிருப்பீங்க. நாளைக்கே வந்து எடுத்துர்றேன். மன்னிச்சிருங்க," என்றாள்.

அப்போது மூன்று நாற்பத்திரண்டு. நான்கு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. கதவைப் பூட்டுங்கள், நாயைத் திறந்து விடுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அதனால என்ன, நடீன். அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நானும் மன்னித்துவிட்டேன். கடைசியில் எங்கள் இருவருக்குள்ளும் எந்த மனத்தாங்கலும் இல்லை. அதை மட்டும் மறக்காமல் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.