கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம்

விசாரணைக்கு வந்தவனுக்கும் ஒழுங்கான நாற்காலி போட்டிருக்கிறீர்கள் ஐயா, நன்றி. எங்கள் அலுவலகத்தில் பீன் பேக் என்று ஒரு பஞ்சு மூட்டைமேல்தான் உட்கார வைப்பார்கள். என் முதுகு போனது அதில்தான்.

நான் அங்கே நெறிமுறை அதிகாரி. 'உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம்' என்று வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறதே, அது என் வாசகம்.

நாங்கள் முதியவர்களுக்கான கைக்கடிகாரம் செய்கிறோம். கட்டியிருப்பவர் விழுந்தால் அது வீட்டாரைத் தானாகவே போனில் அழைக்கும். ஆனால் பெரியவர்கள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாலும் அழைத்துத் தொலைத்தது. அலறியடித்து ஓடிவந்த பிள்ளைகள் கடுப்பில் கடிகாரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். விற்பனைத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் வாசகம் கைகொடுத்தது. இனி, விழுந்தவரையே கேட்போம்: 'உதவிக்கு அழைக்கவா?' அவர் திரையைத் தொட்டால் அழைக்கும். தொடாவிட்டால் அவர் விருப்பத்தை மதித்துச் சும்மா இருக்கும்.

சோதனைப் பிரிவில் ஒரு வாயாடிப் பெண். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "மயங்கிக் கிடக்கறவர் எப்படி சார் தொடுவாரு?"

"அது அவரோட தனியுரிமைம்மா."

"அப்போ அவரோட நாடித்துடிப்பை இன்சூரன்ஸ்காரங்களுக்கு விக்கறோமே? அதுக்கு யாரைக் கேட்டோம்?"

அதற்கும் கேட்டிருக்கிறோம். அங்கே பதில் சொல்லாதவர் சம்மதித்தவர். இங்கே பதில் சொல்லாதவர் மறுத்தவர். இதைப் பொறுமையாகத்தான் விளக்கினேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் புதிய முறைக்குக் கையெழுத்துப் போட்டேன். அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

பிறகு என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கடிகாரம் நான் வாங்கிக் கொடுத்ததுதான். என் மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், போன் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

"அது ஏங்க என்னைக் கூப்பிடல?" என்று கேட்டாள்.

"அது கேட்டுச்சும்மா. அப்பாதான் வேண்டாம்னுட்டார்."

யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனுஷர் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

அதற்குப் பிறகாவது மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். மாற்றினால், அதுவரை இருந்தது தப்பு என்று ஆகிவிடாதா? கம்பெனிக்கென்று ஒரு நாணயம் இருக்கிறது ஐயா.

அவர் கையிலிருந்து கழற்றிய கடிகாரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வீணாக்குவானேன் என்று துடைத்து, மாமியார் கையில் கட்டிவிட்டேன்.