நாத்தனாரின் சிறுநீரகம்

உட்கார்ந்தே சொல்கிறேனே, ஐயா. பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிவிடும்; நாற்காலி கிடைத்தால் விடமாட்டேன்.

நோயாளியிடமிருந்து எடுத்த சதைத்துணுக்கை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டருக்குக் கொடுப்பது என் வேலை. பதினொரு வருடத்தில் ஒரு தகடுகூட மாறியதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது முதலில் தருகிறேன் என்றவள் நான்தான். பொருந்தவில்லை. இவருடைய அக்காவுடையது பொருந்தியது. கொடுத்தார், நல்ல மனுஷி, குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் வயிற்றைத் தொட்டு, "என் பிள்ளை எப்படிடா இருக்கு?" என்பார்.

"உன்னை மாதிரியேதான்க்கா, ஓயாம உழைக்குது" என்று இவர் சிரிப்பார்.

நான் தட்டு எடுத்து வைப்பேன். எனக்குக் கட்டிலில் பாதி இடம்; அவருக்கு இவர் உடம்புக்குள்ளேயே குடித்தனம். வயிறு எரிந்தது, ஐயா. மறைத்து என்ன ஆகப்போகிறது.

வந்த உறுப்பை உடம்பு சும்மா விடாது. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் அதன் இரத்தக்குழாய்ச் சுவரருகே வேகம் குறைந்து உருளும். சுவரைப் பற்றி ஒட்டிக்கொள்ளும். இடுக்கு வழியே உள்ளே புகுந்து அரிக்கும். அவற்றை அடக்கத்தான் இருவேளையும் மாத்திரை. இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்க, காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். விழுங்கிவிட்டு எடுத்தால் கூடுதலாகக் காட்டும்.

சோதனை நாட்களில் விடிந்ததும், வயிற்று மாத்திரையோடு அதையும் இவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்க்காமலே விழுங்குகிற ஆள். நர்ஸ் கேட்டால் நானே முந்திக்கொண்டு, "இன்னும் போடல சிஸ்டர், பையிலதான் இருக்கு" என்பேன். மருந்து அதிகமென்று டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த மாதம் இன்னும் குறைத்தார். அவர் எழுதியதை நான் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் கொடுத்தேன்.

நான்காம் மாதம் இவருடைய துணுக்கு என் மேசைக்கே வந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தேன். குழாய்ச் சுவர் நெடுக வெள்ளணுக்கள், சாயத்தில் கருநீலப் புள்ளிகளாக, கதவில் காதை ஒட்டி நிற்பவர்கள் மாதிரி. இவர் உடம்புக்கே வெளியாள் யாரென்று தெரிந்திருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தகட்டில் பெயர் எழுதி அனுப்பினேன்.

ஊசி போட்டுப் பார்த்தார்கள். சிறுநீரகம் பிழைக்கவில்லை. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னைப் பாத்தாத்தான்டி எனக்குத் தாங்கல" என்று அழுதார்.

வாரம் மூன்று நாள் இயந்திரம் இவர் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நல்ல நாட்கள் வந்ததில்லை. சோதனைக்கு முன்பு இரண்டு மாத்திரை விழுங்கியதை இவரே போன வாரம் டாக்டரிடம் சொல்லிவிட்டார். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

எல்லாம் தெரிந்தே செய்தது நான்தான். வாக்குமூலத்தில் கையெழுத்தும் போடுகிறேன். அந்தப் பொறாமையெல்லாம் போயே போய்விட்டது, ஐயா. இறந்துபோன யாரோ ஒருவருடைய சிறுநீரகம் இவருக்குப் பொருந்துகிறதாம், நாளை வைக்கிறார்களாம். நல்லபடியாக நடக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: அது ஆணுடையதா, பெண்ணுடையதா?