தாலி கட்டும் நேரத்தில்

சேலத்திலிருந்து வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ், பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறிவிடுவதற்காக ஆட்டையாம்பட்டியில் நின்றது. எனக்கு முன் இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தாலியக் கையில எடுத்தவரு, கட்டாம அப்படியே எம் மடியில உழுந்துட்டாரு அம்மிணி.”

“வலிப்புங்களாக்கா?”

“இல்ல. மொத நாள்ல இருந்து பட்டினி, பந்தல்ல புழுக்கம், அத்தன சனத்தப் பாத்த பயம். தலைக்கு ரத்தம் ஏறாம மயங்கிட்டாரு, படுக்க வெச்சாச் செரியாயிரும்னு வைத்தியர் சொன்னாரு. எங்கப்பன்தான் சகுனம் செரியில்ல, எந்திரிச்சு வா, ஊட்டுக்குப் போலாம்னாரு.”

“எந்திரிச்சீங்களா?”

“மடியில இருந்த தலைய எப்படிக் கீழ போடறது? கண்ணு முழிக்கட்டும்னு உக்காந்துட்டேன்.”

“முழிச்சு என்ன சொன்னாருங்க?”

“‘நீ எதாச்சும் சாப்புட்டயா’ன்னாரு. எங்கப்பனே தாலிய எடுத்து அவரு கையில குடுத்துட்டாரு.”

இளம்பெண் சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தார். பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இருவது வருசமா தெனமும் அதையேதான் கேட்டாரு. போன ஐப்பசியில இருந்து கேக்க ஆளில்ல.”